பிடித்த கையும் விட்ட கையும்: ரூபாவைப் பற்றி மத்திய வங்கிக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், ஆளும் சபை, நாணயக் கொள்கைச் சபை உறுப்பினர்களுக்கும், கிளிநொச்சியில் உள்ள உங்கள் அலுவலகத்தாருக்கும்,

வணக்கம்.

கூட்டுறவுச் சங்கக் கணக்கு, கிராமிய வங்கி, பொருளியல் வகுப்பு என்று கணக்கோடு தொழில் செய்யும் வன்னிக்காரர் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கேட்க வந்தது ஒன்றுதான். டொலருக்கு எதிரே ரூபாவின் பெறுமதியை நீங்கள் பிடித்து வைத்திருக்கும் காலத்தில் அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது, விட்டுவிடும் நாளில் யார் தலையில் விழுகிறது என்பதை அன்றன்றே தமிழில் சொல்லுங்கள். ஆண்டறிக்கையின் நடுப்பகுதியில் ஒரு வரைபடமாகப் போட்டால் காணாது. சங்கக்கடைச் சுவரில் ஒட்டினால் நின்று வாசிக்கக்கூடிய அளவில் வேண்டும்.

இதைக் கேட்க வைத்தது 2022இன் நெருக்கடி மட்டுமல்ல. ரூபாவின் கதையை அடியிலிருந்து பார்த்தால், பிடிப்பதும் விடுவதும் அதன் பிறவிக் குணம் போலவே தெரிகிறது.

ஒல்லாந்தர் விட்டுப்போன நாணயத்தைப் பழைய உறுதிகள் 'இறைசால்' என்று சொல்லும். 'பணம்' என்ற சிறு நாணயம் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறைசால். ஆங்கிலேயர் 1825இல் அதன் பெறுமதியை ஒரு ஷில்லிங் ஆறு பென்சாக நிறுத்தினார்கள். 1836இல் இந்திய ரூபாவைக் கொண்டுவந்தார்கள்; 1869இல் அதுவே முழுச் சட்டப்படி காசானது; 1872 சனவரியிலிருந்து ரூபாவை நூறு சதமாகப் பிரித்தார்கள். அணா, பைசாக் கணக்கு இந்தியாவில் 1957 வரை இழுபட, இங்கே சதம் எண்பத்தைந்து ஆண்டு முந்திவிட்டது. கோப்பித் தோட்டக் கணக்கை எழுதியவர்களுக்கு அது வசதி.

தாள்காசு அன்று தனியார் வங்கிகளின் கையில் இருந்தது. கோப்பிச் செடியை நோய் தின்றது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதம் கதவை மூடியது. ஊரெல்லாம் புழங்கிய அதன் தாள்கள் ஒரே நாளில் வெறுங்கடதாசி ஆகியிருக்கும். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் பெயரில் அந்தத் தாள்களுக்குப் பொறுப்பு நின்றதால் அது தவிர்ந்தது. அதே ஆண்டு தாள்காசுச் சட்டம் வந்தது. 1885இலிருந்து அரசே தாள் அச்சிட்டது. அதன்பின் ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள் நாணயச் சபை முறை. வெளியே விட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் எதிரே வெள்ளியோ பிணையங்களோ இருக்க வேண்டும், இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஒன்றுக்கு ஒன்று. மனம்போனபடி அச்சிட வழியில்லாத முறை. ஆனால் ஏற்றுமதி விழுந்தால் நாட்டுக்குள் காசே வறண்டுபோகும். 1930களின் மந்தத்தில் அதுதான் நடந்தது.

இந்த இடத்தில் உண்டியலைப் பற்றி ஒரு சொல். வாராவாரம் ஏலத்துக்கு வருகின்ற அரசின் குறுங்காலக் கடன் பத்திரத்துக்குத் தமிழில் 'திறைசேரி உண்டியல்' என்று பெயர். கனடாவிலிருந்து களவாகக் காசு வரும் வழிக்கும் எங்கள் ஊரில் 'உண்டியல்' என்றே பெயர். இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கொழும்பு செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எழுதிக் கொடுத்த உண்டியல் அந்தக் காலத்தில் சட்டப்படியான வணிகப் பத்திரம். ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வணிகருக்கு நேரே கடன் கொடுக்காமல் செட்டியாருக்குக் கொடுத்தன, செட்டியார் வணிகருக்குக் கொடுத்தார். 1925இல் அந்தக் கடன் சங்கிலி அறுந்தது. 1934இல் இந்திய வங்கியாளர் பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது, அதன் வழியில் 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. உத்தியோகபூர்வ வங்கி எட்டாத இடத்தில் உண்டியல் முளைக்கும் என்பது நூறு ஆண்டுப் பழைய செய்தி. புலம்பெயர்ந்தவர்கள் கண்டுபிடித்த புதுத் தந்திரம் என்று யாரும் எண்ணத் தேவையில்லை.

உங்கள் வங்கி 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டத்தின் கீழ் 1950 ஓகஸ்ட் 28இல் திறந்தது. முதல் ஆளுநர் அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர். ரூபாவின் பெறுமதி 2.88 கிரெயின் தங்கம் என்று எழுதப்பட்டது. டொலருக்கு 4 ரூபா 76 சதம். கொரியப் போரால் இறப்பர் விலை ஏறியிருந்ததால் கையிருப்பு நிரம்பியிருந்தது. போர் தணிந்ததும் இறப்பர் விழுந்தது, அரிசி விலை மட்டும் விழவில்லை. 1952 டிசம்பரில் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் அந்த நெருக்கடியின் பிள்ளை: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போக 270,000 தொன் அரிசி வந்தது. அதற்கும் மேலே செலாவணி காணாமல் 1953இல் அரிசி மானியத்தை வெட்டினார்கள். கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாகியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். அந்நியச் செலாவணிக் கணக்கு ஒருவரின் சோற்றுக் கோப்பைக்குள் வந்து விழ எட்டு மாதம் போதும் என்று அன்றே தெரிந்தது. அதே 1953இல்தான் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. அது 2017 வரை உயிரோடு இருந்தது.

1966 யூனில் இந்தியா தன் ரூபாவை டொலருக்கு ஏழரை ஆக்கியபோது இலங்கை நகரவில்லை. இரு ரூபாக்களின் ஒன்றுக்கு ஒன்று உறவு அன்று முடிந்தது. 1967 நவம்பரில் பிரித்தானிய பவுண் இறங்க, இங்கே 20 சதவீதம் இறக்கி 5 ரூபா 95 சதம் ஆக்கினார்கள். அதுவும் போதாமல் 1968 மே மாதம் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற இரட்டை வீதம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் 'யார் கட்டுகிறார்' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

அரிசி, மா, மருந்து, பசளை போன்றவை 5.95 என்ற உத்தியோக வீதத்தில் இறக்குமதியாகும். ஏனையவற்றை இறக்குபவர் அதற்கு மேல் 44 சதவீதம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அவருக்கு டொலர் 8 ரூபா 57 சதம். பின்னாளில் அந்த மேலதிகம் 55 ஆகி, 65 சதவீதமும் ஆனது. ஏற்றுமதிப் பக்கம் இதன் கண்ணாடிப் பிம்பம். தேயிலை, இறப்பர், தெங்கு விற்றவருக்கு 5.95தான், புதிய, சிறிய ஏற்றுமதிகளுக்கு உயர்ந்த வீதம். ஆக, மலிவு மாவின் மானியத்தில் ஒரு பகுதியைக் கட்டியது தேயிலை. வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பிலும் வராத வரி அது. தோட்டத்தில் கொழுந்து எடுத்த பெண்ணுக்கு இது யாராலும் விளக்கப்பட்டிருக்காது.

1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபாத் தாள்களைச் செல்லாதாக்கியதும் இந்தக் காலத்துக் கதையே. ஆனால் வன்னியைத் தொட்டது அதுவல்ல, இறக்குமதித் தடை. செலாவணி இல்லாததால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது மறிக்கப்பட்டது. விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த திட்டங்கள் அந்த மறிப்பின் நிழலில் வளர்ந்தன. நீர் இறைக்கும் இயந்திரம், மிளகாய்க் கன்று, சந்தையில் நல்ல விலை மூன்றும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தன. செத்தல் மிளகாயில் வீடு கட்டிய காலம் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். ஆனையிறவு உப்பில் காஸ்ரிக் சோடா செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இறக்குமதியை மிச்சம்பிடிக்க எழுந்ததே. இதே மறிப்பு தெற்கில் பாண் வரிசையாக இருந்தது. ஒரே கொள்கை; ஒரு பக்கத்தில் கல்வீடு, மறுபக்கத்தில் வரிசை.

1977 நவம்பரில் இரட்டை வீதத்தை ஒன்றாக்கி, டொலர் 16 ரூபா என்ற மட்டில் தொடங்கி, இறக்குமதியைத் திறந்தார்கள். வீதத்தை ஒன்றாக்கியதில் எங்களுக்குக் குறை இல்லை; இரட்டை வீதம் களவுக்கும் தயவுக்கும் வாசல். ஆனால் மிளகாய் நட்டவனுக்கு முன்னறிவித்தல் இருக்கவில்லை. கன்று நட்டு முதல் பழம் எடுக்க ஏறத்தாழ மூன்று மாதம், எடுத்து முடிக்க இன்னும் இரண்டு மூன்று மாதம். நடும்போது ஒரு விலை, காயப்போடும்போது இன்னொரு விலை. ரூபா இறங்கியதால் இறக்குமதி மிளகாய் விலை கூடியிருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் தடையால் ஏறியிருந்த உள்ளூர் விலை அதற்கும் மேலே நின்றது. அதனால் கதவு திறந்ததும் விழுந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் 'ரூபா இறங்கினால் விவசாயிக்கு லாபம்' என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள்.

அதன்பிறகு மெல்ல மெல்ல இறக்கம். 1980 முடிவில் டொலர் 18 ரூபா, 1990 முடிவில் 40, 2000 முடிவில் 80 மட்டில். போர்க்காலத்தில் வன்னிச் சந்தையின் விலையை இந்த எண்கள் தீர்மானிக்கவில்லை. தாண்டிக்குளத்திலும் பின்னர் ஓமந்தையிலும் நின்ற தடைமுகாம் தீர்மானித்தது. மண்ணெண்ணெய்க்கும் யூரியாவுக்கும் வீதி திறந்திருக்கிறதா என்பதே நாணய மாற்று வீதம். 2001 சனவரியில் ரூபாவை மிதக்கவிட்டதை வவுனியாவுக்கு வடக்கே யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

போர் முடிந்து பாதை திறந்தபோது நாங்கள் உங்கள் வீதத்துக்குள் முழுதாக வந்து விழுந்தோம். பசளை, உழவு இயந்திர உதிரிப்பாகம், வள்ளத்துக்குப் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரம், மண்ணெண்ணெய் எல்லாம் டொலரில் பிறக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் காசும் டொலரைச் சுற்றித்தான் வருகிறது. நகையும் அப்படியே. இப்போது வன்னிக் குடும்பம் ஒன்று காலையில் எழுந்து டொலரைத் தொடாமல் இரவு படுக்கப் போவதில்லை.

2012இல் டொலர் 114 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 130ஐத் தாண்டியது. 2015 செப்டெம்பரில் விட்டீர்கள், ஆண்டு முடிவில் 144. 2018இல் 153இலிருந்து 183. ஒவ்வொரு தடவையும் அறிக்கையில் வந்த சொல் 'நெகிழ்வு'. விடுவதற்கு முந்திய மாதங்களில் எத்தனை டொலரை விற்றுப் பிடித்து வைத்தீர்கள் என்ற எண்ணிக்கை பிந்தி வந்தது. தமிழில் இன்னும் பிந்தி வந்தது.

இனி 2021. செப்டெம்பரிலிருந்து வீதம் 200க்கும் 203க்கும் இடையில் கட்டப்பட்டது. வங்கி வாங்கும் விலை 198 என்று வைத்துக்கொள்வோம். 500 டொலர் அனுப்பினால் 99,000 ரூபா. டிசம்பரில் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பும் காசுக்கு டொலருக்கு 10 ரூபா ஊக்கம் தந்தீர்கள், அதைச் சேர்த்தால் 104,000. அதே நாட்களில் வெளியே 240 மட்டில் பேசினார்கள்: 120,000. இடைவெளி 16,000 ரூபா. ஒரு மாதத்து அரிசி, பருப்பு, பால்மாவுக்குக் காணும் காசு. உண்டியல் சட்டவிரோதம் என்ற அறிவித்தல்கள் வந்தன, அது உண்மையும்கூட. ஆனால் அந்த 16,000 ரூபாவைப் பற்றி அறிவித்தலில் ஒரு வரியும் இல்லை. வங்கி வழியாக எடுத்த ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தொகையை இறக்குமதிக்காரருக்கு மானியமாகக் கொடுத்தது. 1968இல் தேயிலை கட்டியதை 2021இல் கட்டாரில் வேலை செய்தவர் கட்டினார். நாடு முழுவதும் தொழிலாளர் அனுப்பிய காசு 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. ஆட்கள் வேலையை விட்டு வரவில்லை, காசு வழிமாறியது.

வழிமாறிய காசு எங்கே போனது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஊரில் 'எப்படி வந்தாலும் காசு காசுதானே' என்கிறார்கள். ரொறன்ரோவில் ஒருவர் டொலரைக் கொடுக்கிறார். கிளிநொச்சியில் அவருடைய தாய்க்கு வேறொருவர் ரூபாவை எண்ணிக் கொடுக்கிறார். ரூபா ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தது. டொலர் எல்லையைத் தாண்டவேயில்லை; அது அங்கேயே நின்று தங்கத்துக்கோ, விலை குறைத்து எழுதிய இறக்குமதிப் பட்டியலின் மீதிக்கோ போகிறது. தாய்க்கு அரிசி கிடைத்தது, நாட்டுக்கு எரிவாயுக் கப்பலுக்கு டொலர் கிடைக்கவில்லை. அனுப்புபவருக்கும் இதில் பாதகம் உண்டு: இடையில் காசு போனால் கேட்க இடமில்லை, வருமானத்துக்குச் சான்று இல்லை, அந்தக் காசைத் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைப்பிடவும் முடியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கூடவே 16,000 ரூபாக் கணக்கையும் ஒப்புக்கொண்டிருந்தால் கேட்டவர்கள் நம்பியிருப்பார்கள்.

2022 மார்ச் 7இல் 230 வரை என்றீர்கள். அது ஒரு கிழமைகூட நிற்கவில்லை. மே நடுவில் 360. ஏப்ரல் 8இல் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டினீர்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே தொடக்கத்தில் கையில் எடுக்கக்கூடிய செலாவணி 50 மில்லியன் டொலரும் இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 25 லீற்றர் எரிக்கிற வள்ளத்துக்கு 2,175 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 8,500 ஆகியது. முல்லைத்தீவுக் கரையில் மீன் விலை அந்த இரவில் நான்கு மடங்காகவில்லை. அதற்கு முந்திய ஆண்டு இரசாயனப் பசளையை மறித்ததில் செலாவணியை மிச்சம்பிடிக்கும் நோக்கமும் இருந்தது. மே மாதம் மறித்து நவம்பரில் திறந்தார்கள், பெரும்போகம் அப்போது வயலில் நின்றது. அடிக்கட்டுப் பசளை இல்லாமல் விதைத்த வயலுக்குப் பின்னால் எத்தனை மூடை வந்தும் மட்டம் வெடிக்கும், அதாவது நெல் கிளைவிடும் பருவம் திரும்பி வராது.

நகைக் கணக்கைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியின் உண்மையான வங்கி அடகுதான். ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்றால் அதில் தனித்தங்கம் 7.33 கிராம். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், ஆகவே ஒரு பவுணில் 0.2358 அவுன்ஸ். உலக விலை அவுன்சுக்கு 2,000 டொலர் என்று அசையாமல் வைத்துக்கொண்டால் பவுணுக்கு ஏறத்தாழ 471 டொலர் 50 சதம். டொலர் 200 ரூபாவாக இருந்தால் பவுண் 94,300. 360 ஆனால் 169,740. உலகத்தில் தங்கம் ஒரு சதமும் ஏறவில்லை, இறங்கியது ரூபா.

இது நகை வைத்திருப்பவருக்கு லாபம் போலத் தோன்றும். பலர் மீட்டு, கூடிய தொகைக்குத் திரும்ப அடகு வைத்தார்கள். 169,740க்கு முக்கால் பங்கு 127,300 ரூபா கடன். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்தால் ஓராண்டில் 30,550, மொத்தம் 157,850. திறைசேரி உண்டியலே 30 சதவீதத்தைத் தாண்டி நின்ற காலத்தில் இது மிகையான கணக்கு அல்ல. 2023 மார்ச்சில் டொலர் வீதத்துக்கு வைத்திருந்த நாளாந்த வழிகாட்டலை நீங்கள் நீக்கியபின் ரூபா ஏறி டொலர் 320 மட்டுக்கு வந்தது. அதே 2,000 டொலர்த் தங்கத்தில் பவுண் 150,880. கடன் நகையைவிடப் பெரிதாகிவிட்டது. ஏலத்துக்குப் போன தாலிக்கொடியின் பின்னால் இருக்கும் கணிதம் இவ்வளவே. ரூபா ஏறினால் நாட்டுக்கு நல்லது என்று தொலைக்காட்சியில் சொன்ன அதே கிழமை இது நடந்தது, ரூபா ஏறுவது அடகுக்காரருக்கு ஆபத்து என்று அடகுப் பிரிவின் பலகை எதிலும் எழுதியிருக்கவில்லை.

2020இன் இறக்குமதித் தடையில் உழுந்தும் மஞ்சளும் அகப்பட்டன. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உழுந்துக்காரருக்கு எழுபதுகளின் மிளகாய்க் காலம் திரும்பியது போல இருந்தது. பின்னர் தளர்த்தினார்கள், அதுவும் எழுபத்தேழு போலவே, பயிர்க் காலத்தைப் பார்க்காமல். தடை போடுவதும் எடுப்பதும் நிதியமைச்சின் வேலை என்பது தெரியும். ஆனால் அரசுக்கு ஆலோசனை சொல்லும் இடம் உங்களுடையது. உழுந்து மூன்று மாதப் பயிர். விதைப்புக்கு முன் சொன்னால் விதைக்காமல் விடலாம், பிடுங்கும்போது சொன்னால் என்ன செய்வது? 'தடை எடுப்பதானால் ஒரு போகம் முன்னறிவித்தல்' என்ற வரியை உங்கள் ஆலோசனையில் சேர்க்கச் செலவில்லை.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் பல நல்ல காரியம் செய்திருக்கிறது. அரசின் கடன் பத்திரத்தை அது புதிதாக வெளிவரும் முதற்சந்தையில் நீங்கள் நேரே வாங்குவதை மறித்திருக்கிறது. அதாவது அச்சடித்துக் கொடுக்கும் வாசலை ஓரளவு பூட்டியிருக்கிறது. பணவீக்கம் இலக்கைத் தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறவிட்டால் காரணத்தைப் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும் என்கிறது. எங்கள் கோரிக்கை அந்தப் பிரிவை ஒட்டியே வருகிறது. நாணய மாற்று வீதத்தையும் அதே ஒழுங்கில் நடத்துங்கள். சந்தை கேட்கும் விலைக்கும் நீங்கள் பிடித்து நிற்கும் விலைக்கும் இடைவெளி தொடர்ந்து நிற்கிறதா? எத்தனை டொலர் விற்றீர்கள், அதற்கு எந்தக் கையிருப்பிலிருந்து எடுத்தீர்கள், அனுப்பும் காசில் டொலருக்கு எத்தனை ரூபா இழக்கப்படுகிறது, இறக்குமதியில் எத்தனை ரூபா மிச்சமாகிறது என்று மாதாமாதம் ஒரு பக்கத்தில் தாருங்கள். ஒருபோதும் பிடிக்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாள் பதற்றத்தில் வீதம் ஓடும்போது பிடிப்பது உங்கள் கடமை. ஆறு மாதம் பிடித்தால் அது வரி, அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும்.

பற்றுச்சீட்டு என்றதும் இன்னொன்று. வெளிநாட்டுக் காசு எடுக்க வருபவருக்குக் காசாளர் கொடுக்கும் துண்டில் பெரும்பாலும் இறுதி ரூபாத் தொகை மட்டுமே தெளிவாக இருக்கும். கனேடிய டொலரோ சுவிஸ் பிராங்கோ பெரும்பாலும் நேரே ரூபாவாவதில்லை. முதலில் அமெரிக்க டொலராகி, பிறகு ரூபாவாகிறது. இரண்டு மாற்று, இரண்டு இடத்திலும் கழிவு, அதற்கு மேல் அனுப்பும் கட்டணம், சில வேளை இடையில் நின்ற வங்கியின் பிடிப்பு. 'கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் வீதத்துக்குள் தன் கூலியை வைத்திருக்கும். 500 கனேடிய டொலர், அது ஒன்றுக்கு 0.74 அமெரிக்க டொலர் என்றால் 370 டொலர். வங்கி வாங்கும் விலை 298 என்று வைத்தால் 110,260 ரூபா. இதையே 292இல் கணக்கிட்டால் 108,040. கட்டணமில்லாத சேவைக்கு 2,220 ரூபா கட்டணம். மூதாட்டிக்கு இதைக் கண்டுபிடிக்கத் தாளும் பென்சிலும் தேவை. வங்கி அச்சியந்திரத்துக்கு ஐந்து வரி போதும்.

அந்த ஐந்து வரிகள்: அனுப்பிய நாணயமும் தொகையும், அதன் அமெரிக்க டொலர்ப் பெறுமதியும் எந்த வீதத்தில் என்பதும், ரூபா வீதமும் அன்றைக்கு மத்திய வங்கி வெளியிட்ட வாங்கும் வீதமும் பக்கம் பக்கமாக, எல்லாக் கழிவும் ரூபாவில், கைக்கு வரும் தொகை. தமிழில், கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில். உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் பண அனுப்பல் முகவர்களுக்கும் ஒரு பணிப்புரை எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, புதிய சட்டம் தேவையில்லை.

கிளிநொச்சி அலுவலகத்திடம் தனியாக ஒரு கேள்வி. அன்றைய வாங்கும் விலை, விற்கும் விலை, ஓராண்டுக்கு முந்திய விலை, 22 கரட் பவுணுக்கு அன்றைய வீதத்தில் வரும் கணக்கு ஆகிய நான்கையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கமநல சேவை நிலையங்களுக்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிழமைக்கு ஒருக்கால் அனுப்ப முடியுமா? ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பசையும் சுவரும் இங்கே உண்டு. மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் அதை வாசித்து விளக்கக்கூடிய உயர்தர வணிகப் பிரிவு மாணவர்களும் உண்டு.

முதல் தாள் புரட்டாதி முடிவதற்குள் வந்து சேர்ந்தால் நல்லது. ஐப்பசி மழையோடு விதைப்பு தொடங்கும். பசளைக்கும் உழவு கூலிக்கும் நகை வங்கிக்குப் போவது அதற்கு முந்திய கிழமையில்.

இப்படிக்கு,
வன்னியில் கணக்கும் பொருளியலும் தொழிலாகக் கொண்ட சிலர்